உளர் சலவை

"உளர் சலவை செய்து தரப்படும்" என்று கடை வாசல் கரும்பலகையில் எழுதி முடித்து, 'ள'வின் மேல் சுண்ணக்கட்டியை இன்னொரு முறை ஓட்டி அழுத்தமாக்குகிறார் சலவைக்கடை அக்கா. இரண்டடி பின்னால் நகர்ந்து, பிழை தெருவுக்கு நன்றாகத் தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரிகிறது. திருப்தியோடு உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றுகிறார்.

பக்கத்துக் கடைச் சாவிக்காரருக்கு இது போதும். "என்னக்கா, துவைச்சிட்டு உளறுவீங்களா, உளறிக்கிட்டே துவைப்பீங்களா?"

"மெல்லப் பேசுங்க தம்பி. வாலு வர்ற நேரம்."

வாலு அவர் மகள். கோடை விடுமுறை விட்ட அன்று வகுப்பாசிரியை அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னது இது: "எழுத்துல தடுமாறுறா. அதைவிட, சரியா எழுதினதையே அழிச்சிட்டுத் தப்பா எழுதிடுறா. ஸ்கூல் திறந்ததும் ஒரு டெஸ்ட் வைப்போம். தேறலைன்னா அதே கிளாஸ்தான்."

'அதே கிளாஸ்' என்றால் என்னவென்று அக்காவுக்குத் தெரியும். சிறுவயதில் அவரையும் அப்படி உட்கார வைத்தார்கள். விடைத்தாளைக் காட்டும்படி கேட்டதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை. அவர் படிப்பை நிறுத்தவில்லை, அது நிறுத்தப்பட்டது. மீதியைத் துணி சுற்றி வந்த செய்தித்தாள்களிலும் அட்டை கிழிந்த ஓர் அகராதியிலும் தாமே படித்துக்கொண்டார். அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் எறிவதில்லை. பழைய ரசீதுகள்கூட நூல் கட்டிப் பரணில் இருக்கின்றன. "என் கோட்டைக் காணோம்னு நாளைக்கு ஒருத்தர் வந்து நின்னா, நான் வாயால பேச மாட்டேன். தாள் பேசும்."

புத்தகத்தை விரித்தால் வாலுவுக்குக் கொட்டாவி வரும். பிறர் செய்த தப்பைக் கண்டாலோ தூக்கம் பறந்துவிடும். இதைக் கவனித்த அன்றே பலகை வாசலுக்கு வந்தது. தினமும் காலையில் ஒரு வாக்கியம், அதில் ஒரு பிழை. 'கறை'க்குப் பதிலாகக் "கரை நீக்கித் தரப்படும்" என்று எழுதிய அன்று ஒரு வாடிக்கையாளர் சால்வையை நீட்டினார். "கரையை மட்டும் விட்டுடுங்கம்மா, அதுலதான் அழகே இருக்கு." "பொத்தான் அருந்தால் தைத்துத் தரப்படும்" என்றதற்கு வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பொத்தான் என்னத்தம்மா அருந்தும்? டீயா?" சிரித்தபடியே ஈரத்துணியால் 'ரு'வைத் துடைத்து 'று' போட்டாள்.

போகிறவர்கள் பலகையைப் பார்த்து நமுட்டுச் சிரிப்பு சிரிப்பது அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. "சிரிச்சிட்டுப் போகட்டும். சட்டையை எங்கிட்டதானே குடுக்கணும்."

ஆனால் பழைய வியாதி விடுவதாக இல்லை. பிழையைத் திருத்திய கையோடு, பக்கத்தில் ஒழுங்காக இருந்த எழுத்தையும் வாலு சந்தேகப்பட்டு அழித்துவிடுவாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அக்கா முகத்தை இஸ்திரி போட்டதுபோல் வைத்துக்கொள்வார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், அக்கா அகராதியைப் புரட்டிப் புரட்டிச் சரிபார்த்துவிட்டு எழுதினார்: "கறை நீக்கி, அறுந்த பொத்தான் தைத்து, உலர் சலவை செய்து தரப்படும்."

வாலு ஈரத்துணியோடு வந்து நின்றாள். படித்தாள். மறுபடியும் படித்தாள். துணி 'ற'வை நோக்கிப் போய், தொடாமல் நின்றது.

"தப்பே இல்லையேம்மா."

"நல்லாப் பாரு."

அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு மடிப்பும் இல்லை. சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார். வாலு பலகைக்கே திரும்பி, சொல் சொல்லாக விரல் வைத்துக் கடைசிவரை போனாள்.

"இல்லம்மா. நீ என்ன சொன்னாலும் இல்ல. நான் அழிக்க மாட்டேன்."

அக்கா மகள் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கி, ஒட்டப் பிழிந்து, உதறி, கொடியில் காயப் போட்டார்.