நாற்பது நாள் கட்டு

பினாங்கு மருத்துவமனையில், என் முழங்காலுக்குப் பயிற்சி தரும் அறையில், பக்கத்துக் கட்டில்காரர் பூசியிருந்த ஜாதிக்காய் எண்ணெய் மணத்தது. எனக்கு எரிச்சல் மூண்டது.

எனக்கு ஒன்பது வயதில், துறைமுகப் படகிலிருந்து விழுந்து அப்பாவின் வலது முழங்கை முறிந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பயிற்சிக்கென்று தனி ஆள் ஏது? மாவுக்கட்டைப் பிரித்த டிரஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர்தான், என்னிடம் சொன்னார்: "தம்பி, நீ படிக்கிற பையன். அப்பாவ தெனமும் முப்பது தடவ கைய மடக்கச் சொல்லி எண்ணு."

வீட்டில் அம்மா அதே ஜாதிக்காய் எண்ணெயைத் தேய்த்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். "முறிஞ்ச கைய யாராச்சும் ஆட்டுவாங்களா? நாப்பது நாளு அசையவே கூடாது!"

டிரஸ்ஸர் சொன்னதை அம்மாவிடம் சொல்லாமல் நான் நாள்களை எண்ணினேன். நாற்பதாம் நாள் கட்டை அவிழ்த்தபோது முழங்கை மடங்கவில்லை. சாகும்வரை அப்பா இடக்கையால்தான் சாப்பிட்டார்.

"பதினொண்ணு," என்றேன், முழங்காலை மடக்காமல் நீட்டியபடியே.

"எண்ணுறத விட்டுட்டு மடக்குங்கலா, தாத்தா!" என்றாள் பயிற்சி தரும் பெண்.