அகாஹான் மறந்த தண்டோரா

நைஜீரியாவில் மகுர்டி நகரத்தின் பதினொரு வார்டுகளிலும் அகாஹானின் குரல் படாத சந்து கிடையாது. பெனுவே ஆறு கரைபுரளப் போகிறதா, தடுப்பூசி முகாமா, மீன் சந்தை இடம் மாறுகிறதா, எதுவானாலும் கவுன்சில் கொடுத்த பேட்டரி மைக்கோடு சைக்கிளில் கிளம்பிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. மனுஷனுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அப்பேர்ப்பட்டவர், மகள் கஷிமானாவின் கல்யாணத்துக்கு ஒரு ஆளைக்கூட அழைக்கவில்லை! சொந்த விஷயத்துக்கு மைக்கைத் தொடக்கூடாது என்பது கவுன்சில் சட்டம். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினார். ஊர் சேதி சொல்லும் அவசரத்தில் அடியோடு மறந்துபோனார். அழைப்பது அவர் பாடு என்று மனைவி செவேசேயும் சும்மா இருந்துவிட்டாள்.

கல்யாணத்தன்று மதியம் மூன்று மணி. பெருவள்ளிக்கிழங்கு இடித்துக் குவித்தாயிற்று, அண்டா நிறைய மீன் குழம்பு. முற்றத்தில் ஈ காக்கை இல்லை. நாலு மணிக்குக் குபோகோ ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்துவிடுவார்கள். நாதியற்ற வீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டால் காலத்துக்கும் அவளுக்குத் தலைகுனிவு. கறுப்பு வெள்ளைப் பட்டைக் கல்யாண உடையில் கஷிமானா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்க் குப்பைக்கெல்லாம் கத்துன வாயி, பெத்த மகளுக்கு மட்டும் அடைச்சுப்போச்சா?" என்றாள் செவேசே.

வேலை போனால் போகட்டும் என்று அகாஹான் மைக்கை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார். பதற்றத்தில், பழகிய வாய் பழகியபடியே பேசிவிட்டது.

"கவுன்சில் உத்தரவு! நாலு மணிக்கு எல்லாரும் வடாட்டா வார்டுல அகாஹான் வீட்டுக் கல்யாணத்துக்கு வரணும். வராதவங்களுக்கு அபராதம்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கரையிலிருந்து படகு படகாக ஆட்கள் வந்தார்கள். மீன்காரிகள் கூடையோடு வந்தார்கள். நம்பி வந்தவர்கள் பாதி, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வந்தவர்கள் பாதி. முற்றம் கொள்ளவில்லை, தெருவில் ஆட்டம் தொடங்கியது. கடைசியாகக் கவுன்சில் செயலாளர் ரெபெக்கா அம்மா வந்து இறங்கவும் அகாஹானுக்கு உயிரே போய்விட்டது.

"அபராதம்னு சொன்னீங்களே, பயந்து வந்துட்டேன்" என்று அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அதற்குள் சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்து மிரண்ட மாப்பிள்ளையின் தகப்பனார் ரெபெக்கா அம்மாவிடமே ரகசியமாகக் கேட்டார், "ஏம்மா, எங்க சம்பந்தி இந்த ஊர் சேர்மனா?"

"இல்லீங்க" என்றார் ரெபெக்கா அம்மா. "சேர்மன் கூப்பிட்டா இவ்வளவு பேர் வரமாட்டாங்க."