நடக்காத வகுப்புக்கு வாங்கிய கையெழுத்து

கர்த்தர் எனக்கு இரங்கினார். எப்படி என்று சொல்வதற்கு முன் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்தால் இந்தச் சாட்சிக்கு அர்த்தமில்லை.

எனக்கு வயது எழுபத்திரண்டு. பொறியியல் படித்தவன். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றேன். தகட்டை அழுத்தும் பிரஸ் மிஷின்கள் அங்கே வரிசையாக ஓடும். ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டன்கள். இரண்டையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும். கை வெளியே இருக்கவே அந்த ஏற்பாடு. ஆனால் வேகம் போதாது என்று, ஒரு பட்டனில் குச்சியைச் சொருகிவிட்டு ஒரு கையாலேயே ஓட்டுவார்கள். எனக்குத் தெரியும். பார்த்தும் பார்க்காதவன் போல நடந்து போவேன்.

மாதம் ஒரு பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும். நான் எடுத்ததில்லை. பதிவேட்டை மட்டும் மிஷின் மிஷினாக அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

ஒரு நாள் கன்னியப்பன் என்ற தொழிலாளியின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. விசாரணையில் நான் பதிவேட்டைத் திறந்து அவன் கையெழுத்தைக் காட்டினேன். “பயிற்சி கொடுத்தேன். கவனக்குறைவு அவருடையது” என்றேன். அவன் என்னையே பார்த்தான். அவன் வேலை போனது. அடுத்த ஞாயிறு ஒன்றும் நடக்காதது போல நான் சபையில் அப்பமும் ரசமுமான திருவிருந்தை எடுத்தேன்.

ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பார்வை என்னை விடவில்லை. தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் தொண்டு அமைப்புகளுக்கு அரசு நிதியுதவி தருகிறது என்று அறிந்து, எங்கள் சபையின் அறக்கட்டளை சார்பில் விண்ணப்பித்தேன். கன்னியப்பனைப் போய்ப் பார்க்கத் துணிவில்லாத நான், விண்ணப்பம் எழுதுவதில் கெட்டிக்காரன். ஒப்புதல் வந்தது. ஜூன் முடிவதற்குள் நூறு பேருக்கு வகுப்பு நடத்தி வருகைப் பதிவு கொடுக்க வேண்டும். தவறினால் உதவி ரத்து.

காக்களூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். ஒருவரும் மிஷினை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. மே மாதக் கடைசியில் என் பழைய தொழிற்சாலைக்கே போனேன். மேலாளர் சிரித்தார்.

“மிஷின நிறுத்தறதெல்லாம் ஆவாது சார். பேப்பரக் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள நூறு கையெழுத்து வாங்கித் தரேன். பேனர் கட்டி ஒரு போட்டோ புடிச்சிக்கலாம்.”

“வகுப்பு?”

“இன்னா சார் தெரியாத மாதிரி கேக்குறீங்க? உங்க காலத்துல எப்படி எடுத்தீங்களோ, அப்படித்தான்!”

பையிலிருந்து வருகைப் பதிவுத் தாளை வெளியே எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எடுத்தேன். பிறகு மடித்து உள்ளே வைத்தேன். “வேண்டாம்” என்றேன். கேட்டைத் தாண்டி வெளியே வந்தேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

வீட்டில் முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, நூறு பேரைத் தாரும்” என்று மூன்று நாள் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பெயர்தான் நெஞ்சில் வந்தது. “அவன் ஒருவன். எனக்கு நூறு பேர் வேண்டும்” என்று ஆண்டவரோடு வாதாடினேன். வேறு பதில் வரவில்லை.

நான்காம் நாள் எழுந்து போனேன். கன்னியப்பன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டி ஸ்டாண்டு வைத்திருக்கிறான்.

“வாங்க சார். வண்டி உடணுமா?”

“இல்ல கன்னியப்பா. அன்னிக்கு நான் சொன்னது பொய். உனக்கு நான் ஒண்ணுமே கத்துக் குடுக்கல.”

“அது எனக்குத் தெரியாதா? அதச் சொல்ல இம்மா வருசம் ஆச்சா உனக்கு?”

கும்பிட்டேன்.

“கைய எறக்கு சார். கும்புட உனக்கு முழுசா ரெண்டு கை கீது. எனக்கு அதுகூட இல்ல.”

வகுப்பைப் பற்றிச் சொன்னேன். வந்த வண்டிகளுக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்தான். பிறகு சொன்னான்: “எவனுக்கு எப்ப லீவுன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் வண்டிய இங்கதான் உட்டுட்டுப் போறானுங்க. நான் கூட்டிகினு வரேன். ஆனா எனக்கு இன்னா பண்ணேன்னு அவங்க எதிர்ல நீ சொல்லணும். இன்னொண்ணு, நான் உங்க சாமிக்காக வரல. என் வெரலுக்காக வரேன்.”

முதல் ஞாயிறு மதியம் சபை மண்டபத்துக்குப் பதினேழு பேர் வந்தார்கள். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கன்னியப்பன் கையை உயர்த்திக் காட்டினான். “குச்சி சொருவினா டார்கெட் முடியும். இதோ, இதுவும் முடியும்.” நான் ஆயுள் முழுவதும் எடுக்காத வகுப்பை அவன் ஒரு நிமிடத்தில் எடுத்தான்.

மறுநாள் மேலாளர் தொலைபேசியில் மிரட்டினார். “எங்க ஆளுங்களத் தூண்டி உடறீங்களா? உங்க பழைய பதிவேடு எங்க கையில இருக்கு, ஞாபகம் வெச்சிக்கோங்க.”

“பத்திரமா வைங்க. அதுல இருக்கறது பொய்யின்னு தொழிலாளர் அலுவலகத்துக்கு நானே எழுதிக் குடுத்துட்டேன். அவங்க அதக் கேட்டு வருவாங்க” என்றேன்.

ஜூன் கடைசியில் அறுபத்தெட்டு பேர்தான். அறுபத்தெட்டு என்றே எழுதினேன். நிதியுதவி சார்பில் பார்வையிட வந்த அதிகாரி அம்மா கடைசி வரிசையில் வகுப்பு முடியும் வரை உட்கார்ந்திருந்தார். “நூறு இல்லையே?” என்றார். “இல்லை. ஆனால் இதில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள்” என்றேன். நான்கு பேரைக் கேட்டார். இரண்டு வாரத்தில் கால நீட்டிப்புக் கடிதம் வந்தது. இப்போது நூறைத் தாண்டிவிட்டோம். பயிற்றுநர் பட்டியலில் முதல் பெயர் கன்னியப்பன்.

அவன் விபத்து விசாரணை மறுபடி தொடங்குமா, தெரியாது. என்மேல் நடவடிக்கை வரலாம். வரட்டும். என்னை மன்னித்தானா என்று அவன் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்ததும், பக்கத்து ஆரணியிலிருந்து வரும் ஒரு தொழிலாளிப் பெண், மேசைமேல் இருந்த காணிக்கைத் தட்டில் எதையோ போட்டாள். பார்த்தேன். எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிறு குச்சி.

“சூப்பர்வைசர் கேட்டா இன்னாம்மா சொல்லுவ?” என்றான் கன்னியப்பன்.

“தொலைஞ்சிடுச்சின்னு பொய் சொல்ல மாட்டேண்ணா. சொருவ மாட்டேன்னு சொல்லுவேன்.”

நான் நூறு கையெழுத்து கேட்டேன். ஆண்டவர் அந்தக் குச்சியைக் கொடுத்தார். இன்று அந்தத் தட்டில் பத்துப் பதினைந்து குச்சிகள் கிடக்கின்றன.

சகோதரரே, சகோதரிகளே, நீங்கள் போகத் துணியாத வீடு ஒன்று இருக்குமானால், ஜெபித்துவிட்டு அங்கே போங்கள். கதவு திறக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். போங்கள். எழுபத்திரண்டு வயதில் எனக்கு வழிகாட்டியவர் உங்களோடும் வருவார்.