திராட்சைத் தோட்டத்தில் பட்டுச் சேலை

நான் சம்பளத்துக்குச் செய்கிற வேலையை இந்த நோர்வே நாட்டு மனிதர்கள் காசு கட்டிச் செய்கிறார்கள். இலையுதிர்காலச் சனி ஞாயிறுகளில், திராமன் நகருக்குப் பக்கத்து மலைச்சரிவில் நான் வேலை செய்யும் திராட்சைத் தோட்டத்துக்குக் கார் காராக வந்து இறங்குவார்கள். குளிரில் குனிந்து நின்று பழம் வெட்டிவிட்டு, "துசன் தக்" என்று எனக்கே நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். முதலாளி இங்கர், இங்கிலாந்தில் ஒரு பெரிய தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கிய ஏற்பாடு இது. அங்கே வைன் செய்வது ஒரு பக்கம், சுற்றிக் காட்டுவதும் சாப்பாடும் தங்கும் அறையும் மறுபக்கமாம். வெயில் ஏமாற்றும் வருடத்தில் வைன் கைவிட்டாலும் பார்க்க வருகிறவர்கள் கைவிட மாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. சரிதான். ஆனால் வரிசைக்கு வரிசை ஆட்கள் நின்று படமெடுத்தால், நாங்கள் எந்தப் பக்கத்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு போவது?

யாழ்ப்பாணத்தில் என் அப்பாவும் திராட்சை வைத்திருந்தார். எங்கள் பேச்சில் அது முந்திரிகை. அங்கே கொடி தலைக்கு மேலே பந்தலில் படரும். பழம் வெட்டினால் கழுத்து நோகும். வியாபாரி வருவார், விலை பேசுவார், போவார். அழகாக இருக்கிறதென்று ஒருவரும் நின்று பார்த்ததில்லை, நாங்களும்தான். இங்கே இடுப்பு நோகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லலாம். சொன்னால் பொய். அங்கே கழுத்து நொந்தபோது பக்கத்தில் வாய் ஓயாமல் கதைக்க நாலு பேர் இருந்தார்கள். கணவர் இறந்து, மகனும் வேலையென்று தொலைவில் பேர்கன் நகருக்குப் போன பிறகு, குரோருட்டில் இருக்கிற என் வீட்டில் கிழமை முழுவதும் ஒரு தமிழ் வார்த்தை பேசாமலே போவதுண்டு. தனிமை என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதற்கு வேறு பெயர் இல்லை.

அதனால்தான் போன வருடம் இரண்டு வரிசை தள்ளித் தமிழ்க் குரல் கேட்டபோது ஓடாத குறையாகப் போனேன். மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் படமெடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. தாய் என் தொப்பியையும் சேற்றுச் சப்பாத்தையும் பார்த்தார். படத்தில் விழுகிறேன், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று நல்ல நோர்வேஜிய மொழியில் கேட்டார். வாய்வரை வந்த தமிழை விழுங்கிக்கொண்டு, "யா, யா" என்று தலையாட்டி இலைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். ஆனால் காதை அங்கேயே வைத்திருந்தேன்.

"கொஞ்சம் சிரி பிள்ளை."

"யாய் ஃப்ரீசர், அம்மா! குளிருது!"

பிள்ளை திரும்பியபோது சேலை கொடி கட்டிய கம்பியில் மாட்டி, முன்பக்கக் கொய்யக மடிப்பு முழுக்கக் குலைந்தது. வீட்டில் அதைக் கட்டிவிட்ட பெண் அவர்களோடு வந்திருக்கவில்லை. தாய்க்கு மடிப்பு எடுக்க வரவில்லை. நான் போய் முழங்காலிட்டு, "அசையாமல் நில்லம்மா" என்று மடிப்பை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"ஐயோ அக்கா, நீங்கள் தமிழோ! முதலே சொல்லக்கூடாதே?" தாயும் என் பக்கத்தில் குந்திவிட்டார். "நாங்கள் மோர்டென்ஸ்ருட்டிலை இருக்கிறம். நீங்கள் இஞ்சை ஆரோடை இருக்கிறியள்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். கேட்டதும் என்னைப் பாவம் பார்த்துவிடுவாரோ என்று பயம் வந்தது.

"எல்லாரும் இருக்கினம். வீட்டிலை எப்பவும் ஒரே சத்தம்தான்" என்றேன்.

"அப்ப சந்தோசம். தனிய எண்டால் பின்னேரம் எங்கடை வீட்டை சாப்பிடக் கூட்டிக்கொண்டு போவமெண்டு நினைச்சனான்."

நான் குனிந்து கடைசி மடிப்பைச் செருகினேன்.

அவர்கள் காரில் ஏறும்போது இங்கர் என்னருகே வந்து நின்றார். "உன் குடும்பமா?" என்று கேட்டார். நான் சேலை கட்டிவிட்டதைப் பார்த்திருக்கிறார்.

"யா" என்றேன்.

"முதலே சொல்லியிருந்தால் காசு வாங்கியிருக்க மாட்டேனே!" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கார் நகர்ந்தது. பின்கண்ணாடியில் அந்தப் பிள்ளை கையசைத்தாள். எனக்குக் கை எழவில்லை. இங்கர்தான் இரண்டு கைகளையும் உயர்த்தி, கார் மறையும்வரை என் குடும்பத்தை வழியனுப்பினார்.