விதானையார் வளர்த்த தங்கமீன்

ஐந்தாம் வாய்க்கால் வட்டவிதானை வீரகத்தியை எனக்குப் பிடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. மதிப்பு உண்டு. அது வேறு.

வட்டவிதானை என்பது அரசாங்க உத்தியோகமல்ல. ஒரு வாய்க்காலில் நெல்லுக் கமம் செய்கிறவர்கள் கூடிக் கையுயர்த்தித் தெரிவு செய்கிற ஆள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் வட்டக்கச்சி வாய்க்காலுக்கு வந்தால், அது யாருடைய வயலுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பது அவர் வாயில்தான் இருக்கிறது. வீரகத்தி பத்து வருசமாக அந்த வாயை வைத்திருந்தார். ஒருமுறை என் வயலில் ஒரு மூலை மட்டும் நனையாமல் கிடந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என் வயல் வாசலில் தண்ணீர் மறிக்கிற பலகையை இறக்கினார்.

"அண்ணை, இன்னும் ஒரு பாய் விரிக்கிற இடந்தான் கிடக்கு" என்று கெஞ்சினேன்.

"அப்ப அதிலை பாயை விரிச்சுப் படு" என்றார்.

இப்படிப்பட்ட மனுசனைத்தான் மூன்று தங்கமீன்கள் நாய்படாத பாடு படுத்தின. அறுபத்து நாலாம் ஆண்டு கோடைச் சிறுபோகத்தில் நடந்தது இது. நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அவருடைய மனைவி அன்னபாக்கியத்தின் தமையன் கொழும்பில் கிளாக்கர். அவருக்கு மாற்றல் வந்தது. தளபாடத்தை எல்லாம் லொறியில் ஏற்றியவர், மீன்களை மட்டும் தங்கை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்று, அதற்குள் சிவப்பும் மஞ்சளுமாக மூன்று மீன். "ஒரு கரைச்சலும் தராதுகள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டார். கரைச்சல் தராத பொருளை யாராவது இருநூறு மைல் சுமந்துவந்து கொடுப்பானா? வீரகத்திக்கு அந்த யோசனை வரவில்லை.

வீரகத்தி வீட்டு வாசலில் மச்சம் ஏறியதில்லை. கருவாட்டு மணம் வந்தால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மூக்கைப் பொத்துவார். அந்த வீட்டு விறாந்தையில், சுவாமி படத்துக்கு எதிரில், மீனுக்கு மேசை! முதல் வாரம் வாய்க்கால் முழுவதும் வந்து பார்த்தது. நானும் போனேன். மனுசன் கதிரையை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டுக் கைகட்டிக்கொண்டு இருந்தார். மீன் திரும்பினால் அவர் தலையும் திரும்பியது. பிள்ளையில்லாத வீடு. இதற்குமேல் நான் விளக்கப் போவதில்லை.

சாப்பாட்டில்தான் முதல் பிழை நடந்தது. சைவ வீட்டு மீன் சைவமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். காலையில் பிட்டு. மத்தியானம் சோறும் பருப்பும். பின்னேரம் தோசையில் ஒரு துண்டு. வெள்ளிக்கிழமை விரதம், ஆகவே மீன்களுக்கும் ஒருநேரச் சாப்பாடு. பெட்டித் தண்ணீர் மூன்றாம் நாளே கஞ்சித் தண்ணீராகியது.

மீன் வியாபாரி மத்தேயு முல்லைத்தீவு ஆள். பஸ்ஸில் மீன்பெட்டியை ஏற்றிப் பரந்தனில் இறக்கி, அங்கிருந்து சைக்கிளில் ஊர் ஊராக வருவார். வீரகத்தி வீட்டைக் கடக்கும்போது மட்டும் சைக்கிள் கோனை அமத்தி ஊத மாட்டார். அது அவருடைய மரியாதை. அவரை வீரகத்தி ஒருநாள் கைதட்டிக் கூப்பிட்டார். மத்தேயு திகைத்துப்போய் வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"உதுகளுக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லும் பாப்பம்" என்றார் வீரகத்தி.

"விதானையார், உயிரோடை இருக்கிற மீனைப்பற்றி எனக்கென்ன தெரியும்? எங்கடை கைக்கு வரேக்கை அதுகளின்ரை கரைச்சல் எல்லாம் முடிஞ்சிடும்."

"சாப்பாடு?"

"புழு, பூச்சி ஏதும் தின்னுங்கள்."

"என்ரை வீட்டிலை புழுவோ?"

"அப்ப முருகனிட்டை விட்டிடுங்கோ" என்று மத்தேயு சைக்கிளில் ஏறிவிட்டார். முருகனும் கைவிட்டார். அடுத்த கிழமை ஒரு மீன் செத்தது. வீரகத்தி அதை வாழையடியில் புதைத்துவிட்டுத் தலையில் தண்ணீர் வார்த்தார். "இஞ்சாருங்கோ, செத்தவீட்டுத் துடக்கு எத்தினை நாளைக்கு?" என்று அன்னபாக்கியம் கேட்டதாகவும், அன்றைக்கு முழுக்க அவர் அவவோடு கதைக்கவில்லை என்றும் கேள்வி.

மிஞ்சிய இரண்டுக்கும் பெரியவள், சின்னவள் என்று பெயர் வந்தது. காப்பாற்றுகிற பொறுப்பை அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் எடுத்துக்கொண்டார். தண்ணீருக்கு முறை வைத்தார். காலை எட்டு மணிக்குப் பெட்டியில் ஒரு சொட்டு இல்லாமல் பழந்தண்ணீரை வெளியே விடுவது; எட்டரைக்குக் கிணற்றிலிருந்து பன்னிரண்டு வாளி அள்ளி ஊற்றுவது. அரை மணி நேரம் மீன்கள் குடத்துக்குள் காத்திருக்க வேண்டும். பிறகு வாய்க்காலுக்குப் போனால் மனம் நிற்காது. மணிக்கொரு தரம் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியைப் பார்ப்பார். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் அவருக்கு மூச்சு முட்டும். கீழே கிடந்தால் நெஞ்சு இடிக்கும். பெட்டிக்குப் பிட்டுப் போட்டவர் தான் பிட்டுத் தின்ன மறந்தார். சட்டை தோளில் தொங்கியது.

"மீனைக் குளத்திலை விட்டிட்டு மனுசனாய் இருங்கோவன்" என்று அன்னபாக்கியம் சொன்னா. நாங்களும் சொன்னோம். அவரும் இரண்டு தரம் வாளியில் மீன்களைப் போட்டுக்கொண்டு குளக்கட்டுக்குப் போனார். இரண்டு தரமும் மீன்களோடேயே திரும்பி வந்தார். முதல்நாள் குளத்தில் நீர்க்காகம் நின்றதாம். மற்றநாளும் நீர்க்காகம் நின்றதாம். இரணைமடுவில் நீர்க்காகம் நில்லாத நாளை அவர் எந்தப் பஞ்சாங்கத்தில் பார்த்தாரோ தெரியாது.

ஆடி மாதம் வந்தது. சோளகக் காற்று மண்ணை வாரி அடித்தது. கிணறு அடிக்குப் போய்த் தண்ணீர் உவர்த்தது. வயல்களில் நெல் குடலைப் பருவம். கதிர் உள்ளே திரள்கிற நேரம். அப்போது ஒரு முறைத் தண்ணீர் தவறினால் பாதி பதராகும். அதனால் எங்கள் வாய்க்காலில் ஒரு சட்டம் உண்டு: முறை தவறிப் பலகை கழற்றியவனுக்கு அடுத்த முறைத் தண்ணீர் இல்லை. சட்டத்தை எழுதியவர் வீரகத்தி. நான்கு பேர் அதில் அடிபட்டிருந்தார்கள். அதில் ஒருவன் அவருடைய சொந்த மச்சான்.

ஒரு வியாழக்கிழமை நான் உரம் எடுக்கக் கிளிநொச்சிக்குப் போயிருந்தேன். பின்னேரம் திரும்பிவந்து பார்த்தால் என் வயல் தளதளவென்று நிறைந்து நிற்கிறது! அன்றைக்கு முறை எனக்கில்லை. தண்ணீர் தானாக வந்தால் ஏன் வந்தாய் என்று கேட்கிறவன் கமக்காரனல்ல. நான் வாயை மூடிக்கொண்டு, வரப்பில் தண்ணீர் வடிகிற வக்கடையையும் மூடினேன்.

வாயைத் திறந்தவர் நடராசா. வாய்க்காலின் கடைசிக் காணி அவருடையது. அன்றைய முறையும் அவருடையது. நாங்கள் நாலைந்து பேர் வீரகத்தியோடு வாய்க்கால் கரையில் நின்ற இடத்துக்கு ஓடி வந்தார்.

"விதானையார்! என்ரை வயலுக்கு மத்தியானத்தோடை தண்ணி நிண்டுபோச்சு. வந்து பாத்தால் அப்புத்துரையின்ரை வாசலிலை மேல்பலகை கழட்டிக் கரையிலை கிடக்கு. அவன்ரை வயல் குளம் மாதிரி நிக்குது!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வீரகத்தியைப் பார்த்தேன். மற்றநாளென்றால் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறியிருப்பார். அன்றைக்கு அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலை விசாரிப்பம்" என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. திரும்பவும் என் வயல் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஈரச் சேற்றில் வட்டமாக இரண்டு வாளி அடையாளம். எங்கள் வாய்க்காலில் மத்தியான வெயிலில் இரண்டு வாளியோடு திரிகிற ஆள் ஒருவர்தான். எனக்கு விசயம் விளங்கிவிட்டது. கிணறு உவர்த்ததால் மனுசன் வாய்க்காலுக்கு வந்திருக்கிறார். வாய்க்காலில் அள்ளினால் சேறு கலங்கும். மேல்பலகையைக் கழற்றினால் தெளிந்த தண்ணீர் வாளிக்குள் விழும். வாளியை நிறைத்துக்கொண்டு ஓடியவர் பலகையைத் திருப்பிப் போடவில்லை. வட்டவிதானை!

சொன்னால் யார் நம்புவார்கள்? வேலிக்கு ஓணான் சாட்சி என்பதுபோல, நிறைந்த வயல்காரன் நான். எனக்குச் சாட்சி இரண்டு வாளித் தடம். அடுத்த முறை எனக்கு இல்லையென்றால், இந்த ஒரு நாள் தண்ணீர் எந்த மூலைக்குக் காணும்? என் நெல் பதர்தான். சனிக்கிழமை சண்டை பிடிக்கிற எண்ணத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். பெட்டிப் பக்கம் திரும்பவேயில்லை. பெட்டியில் தண்ணீர் லேசாகப் பாசி நிறம் கட்டியிருந்தது. அதற்குள் பெரியவளும் சின்னவளும் ஒன்றையொன்று துரத்தி விளையாடின!

"பாத்தியே தம்பி அப்புத்துரை?" என்றா அன்னபாக்கியம். "வியாழக்கிழமை மத்தியானம் பெரியவள் ஒருபக்கம் சரிஞ்சு கிடந்தாள். நான்தான் வேலியடியிலை நிண்டு கத்தி உவரைக் கூப்பிட்டனான். அதுக்குப் பிறகு உவர் தண்ணி மாத்தேல்லை, பிட்டும் போடேல்லை. தன்ரை கவலையிலை கிடக்கிறார். அதுகள் துள்ளுதுகள்! மீனுக்கு ஒரு வருத்தமுமில்லை. உவற்றை விதானைத்தனந்தான் அதுகளுக்கு வருத்தம்."

நான் அவரிடம் நேரே கேட்டேன். "அண்ணை, நாளைக்கு என்ன சொல்லப்போறியள்?"

"நீ போ" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் படலையைச் சாத்தாமல் வந்தேன். அந்த மனுசன் பத்து வருசப் பெயருக்காக என் வயலைப் பலிகொடுக்கப் போகிறார் என்றே நம்பினேன்.

ஞாயிறு காலை மருதமரத்தடியில் கூட்டம். இருபத்தேழு காணிக்காரரும் வந்தார்கள். நடராசா எழும்ப முன்னமே வீரகத்தி எழும்பிவிட்டார்.

"வியாழக்கிழமை மேல்பலகையைக் கழட்டினது நான். மீனுக்குத் தண்ணி எடுக்க. திருப்பிப் போட மறந்திட்டன். அப்புத்துரைக்கு இதிலை ஒண்டும் தெரியாது."

நடராசா, "மீனுக்கோ?" என்றார். அவ்வளவுதான். ஒருவர் சிரிக்க மற்றவர் சிரிக்க, மருதமரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. நானும் சிரித்தேன்; என் வயல் தப்பிய சிரிப்பு அது. அவர் மட்டும் நின்றபடியே நின்றார்.

சிரித்து முடிந்ததும் நடராசாவின் மனம் இளகியது. "விதானையார், உங்களைப்போலை ஒரு ஆள் எங்களுக்குக் கிடைக்காது. அந்த மீனைக் கொண்டுபோய்க் குளத்திலை விடுங்கோ. நாங்கள் இதை மறந்திடுறம்." எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். பூரண சம்மதம், தண்டனையுமில்லை.

வீரகத்தி சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பத்து வருசமாய் உங்களுக்குத் தண்ணி பிரிச்சனான். ஒருத்தன்கூட என்னைக் கண்டு சந்தோசமாய் ஓடி வந்ததில்லை. காலமை நான் கிட்டப் போனால் அதுகள் இரண்டும் கண்ணாடியடிக்கு ஓடி வருதுகள். மீனை என்னாலை விடேலாது. விதானையை விடுறன்." பிறகு, "சட்டம் சட்டந்தான். அடுத்த முறை என்ரை காணிக்குத் தண்ணி இல்லை" என்று சொல்லிவிட்டு இருந்தார்.

புது விதானை யார் என்ற கேள்வி வந்ததும் எல்லாரும் மண்ணைக் கிளறத் தொடங்கினார்கள். "சும்மா தண்ணி குடிச்சவன் சுமக்கட்டும்" என்று நடராசா என்னைக் காட்டினார். நான் வாயைத் திறக்கமுதல் இருபத்தைந்து கை உயர்ந்துவிட்டது. வீரகத்தியின் கையையும் சேர்த்து இருபத்தாறு.

விதானையாக எனக்கு வந்த முதல் வேலை வீரகத்தியின் பலகையை அடைப்பது. செவ்வாய்க்கிழமை போனேன். அவருடைய நெல் குடலை தள்ளி, நுனி மஞ்சளிக்கத் தொடங்கி நின்றது. பலகையை இறக்கினேன். இறக்கும்போது ஒரு விரலளவு இடைவெளி விட்டேன். அதால் ஒழுகுகிற தண்ணீர் வயல் முழுவதற்கும் காணாது, கரையோர நெல்லையாவது காப்பாற்றும். ஒருவரும் காணவில்லை என்று திரும்பினால், மண்வெட்டியோடு அவர் பின்னால் நிற்கிறார்.

"அப்புத்துரை, உது என்ன?"

"அண்ணை, பலகை பழசு. சரியாய் இறங்குதில்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை விட அடித்திருக்கலாம். மண்வெட்டியைக் கீழே போட்டார். வாய்க்காலுக்குள் இறங்கி இரண்டு கையாலும் களிமண்ணை அள்ளிப் பலகையின் அடியில் வைத்து அமத்தினார். கசிவு நிற்கும்வரை அமத்தினார். தன் நெல்லுப் பக்கம் ஒருதரமும் திரும்பவில்லை. நடராசாவின் வயலுக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் கையைக் கழுவினார்.

"இனி உப்பிடிச் செய்யாதை" என்றார். பிறகு குரல் மாறிவிட்டது. "வீட்டை வாவன். சின்னவள் இப்ப கையிலை வந்து தின்னுறாள். மத்தேயு சொன்ன புழுத்தான் குடுக்கிறன். முருகன் மன்னிப்பார்."

போனேன். அன்னபாக்கியம் தேத்தண்ணி தந்தா. அவர் பெட்டிக்குள் விரலை விட்டார். அந்தச் சின்ன மீன் வந்து விரலை முட்டியது. மனுசன் வாய்விட்டுச் சிரித்தார். பத்து வருசத்தில் நான் அவருடைய பல்லைக் கண்டது அன்றைக்குத்தான். வயலைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தேத்தண்ணியை ஒரே இழுவையில் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.