காணாமல் போன பதினாறு பக்கங்கள்

போன மாதம் ஒரு விவாதத்தில் ஜெயித்தேன். வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வீட்டில் நான் ஜெயித்த விவாதம் என்று இதுவரை ஒன்றுகூட இல்லையே!

ஈப்போ புந்தோங்கில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். பதினான்கு பேர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஒரே நாவலின் பதினான்கு பிரதிகளைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்து ஆளுக்கொன்றாக எடுத்துப் போவோம். ஒரு மாதம் படிப்பு. பிறகு கூடி உட்கார்ந்து பேச்சு, சண்டை, அரிசிச் சேமியாவில் பொரித்த மீகூன். பேசி முடித்த பிரதிகளைச் சுங்கை சிப்புட் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன நூலகங்களுக்குக் கொடுத்துவிடுவோம்.

போன மாதம் நாவலுக்கு முன்னால் ஒரு விவாதம் வைத்தோம். காகிதமா, கருவியா? புத்தகத்தைப் புத்தகமாகவே படிப்பதா, இ-ரீடரில் படிப்பதா?

நான் எந்தக் கட்சி என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இ-ரீடரை இதே இடத்தில் எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன்! பினாங்கில் இருக்கும் என் மகன் பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கித் தந்தான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அது அலமாரியில் கிடந்தது.

எதிரணியில் மணியம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஆயிரம் புத்தகம் என் சட்டைப் பையிலே இருக்குலா! இவரு வீடு மாறினா லோரி பிடிக்கணும். நான் பஸ்ஸிலேயே போயிடுவேன்" என்றார். நல்ல சிரிப்பு.

நான் எழுந்தேன். புதுத் தாளின் வாசனை, கையில் உணரும் கனம், இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று விரலுக்கே தெரிவது... ஒன்றையும் விடவில்லை. கடைசியாக, "சார்ஜ் தீர்ந்துபோன புத்தகத்தை யாராவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கை தூக்கச் சொன்னார்கள். காகிதத்துக்குப் பதினொரு கை. முதலில் உயர்ந்தது ரெஜினா அக்காவின் கை.

ரெஜினா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சுங்கை சிப்புட்டிலிருந்து மகள் காரில் கொண்டுவந்து விட்டுப் போவாள். கூட்டத்தில் மூலை நாற்காலி. எல்லாரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டார். கடைசியில் நான்கைந்து வாக்கியம், அவ்வளவுதான். அதற்காகவே நாங்கள் காத்திருப்போம்.

அன்றும் அப்படித்தான். விவாதம் முடிந்து நாவலுக்கு வந்தோம். அதில் ஒரு அத்தியாயம். பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன், தங்கையைத் தேடி அவள் வீட்டுக்கு வருகிறான். தங்கை அவனை மன்னித்தாளா, இல்லையா?

"மன்னிச்சுட்டா. தேத்தண்ணி போட்டுக் குடுக்குறாளே!" என்றேன் நான். "அட போங்கய்யா! கதவுவரைக்கும் வந்து வழியனுப்பலையே, அது மன்னிப்பா?" என்றார் மணியம். அரை மணி நேரம் இருவரும் மல்லுக்கு நின்றோம்.

பிறகு மூலையிலிருந்து அக்கா சொன்னார். "அவ மன்னிக்கவும் இல்ல, கோவிக்கவும் இல்ல. அவளுக்குக் களைப்பு. அத்தனை வருஷமா ஒரு கோவத்தைத் தூக்கிக்கிட்டு நின்னவளுக்குக் கை வலிக்காதா?"

மணியம்கூட மீகூன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

வட்டத்தின் செயலாளர் நான். பிரதிகளுக்கு முத்திரை குத்தி அனுப்புவது என் வேலை. குத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பேன். உள்ளே என்னென்னமோ இருக்கும். ஒருமுறை லாட்டரி நம்பர் டிக்கெட், ஒருமுறை யாருடைய பாஸ்போர்ட் போட்டோவோ.

அக்காவின் பிரதியைப் புரட்டினேன். தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குப் பிறகு நூற்றுப் பதின்மூன்று. நடுவில் பதினாறு பக்கங்களைக் காணோம்! அவற்றுக்குப் பதிலாக நூற்றுப் பதின்மூன்று முதல் நூற்று இருபத்தெட்டு வரை இரண்டு தடவை கோத்திருந்தது. பைண்டிங்கில் நடக்கிற தவறுதான்.

காணாமல் போன பக்கங்களில் இருந்தது எது? அந்த அண்ணன் வரும் அத்தியாயம். முழுதாக.

முதலில் எனக்கு வந்தது கோபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். படிக்காமலா பேசினார்? எங்கள் கைதட்டலை எல்லாம் வாங்கிக்கொண்டு? மற்றப் பக்கங்களைப் படித்திருந்தால்கூட ஒரே பகுதி இரண்டு தடவை வருகிறதே என்று சொல்லியிருப்பார். சொல்லவில்லை. அப்படியானால் ஒரு பக்கம்கூட...?

செவ்வாய்க்கிழமை காலை சுங்கை சிப்புட்டுக்குக் காரை விட்டேன்.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அக்கா கதவைத் திறந்தார். நான் புத்தகத்தை எடுத்து நீட்டி, பக்கங்கள் இல்லாத விஷயத்தைச் சொன்னேன். படித்தீர்களா என்று கேட்கவே கூச்சமாக இருந்தது. எப்படியோ கேட்டுவிட்டேன்.

அக்கா மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு எழுத்து தெரியல தம்பி. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இனிப்பு நீரு, சக்கர வியாதி, கண்ணுக்குப் போயிருச்சு. ஆஸ்பத்திரியிலே லேசர் அடிச்சாங்க. இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம், போனது வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"கண்ணாடி மாத்திப் பாத்தீங்களா அக்கா?"

"மாத்தியாச்சு. பூதக்கண்ணாடியும் வாங்கிப் பாத்தேன். ஒரு வரி படிக்கிறதுக்குள்ள தலைவலி. ரொம்ப சூசாலா, கஷ்டம்."

அக்காவுக்குக் கண் மங்கல் என்று மகளுக்குத் தெரியும். படிக்கவே முடியவில்லை என்பது தெரியாது. அவள் வீட்டில் இருக்கும்போது அக்கா புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை பக்கத்தைத் திருப்புவாராம்.

"மாதா கோயில்ல பூசைக்கு வாசகம் நான்தான் வாசிப்பேன். இப்ப தொண்டை சரியில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். எத்தனை மாசத்துக்குத் தொண்டை சரியில்லாம இருக்கும், சொல்லுங்க?"

"அப்ப வட்டத்திலே பேசுறது...?"

"நீங்க எல்லாரும் பேசுவீங்க இல்ல? ஆளுக்கு ஒரு துண்டு கதை சொல்லுவீங்க. நான் அதைச் சேத்து வெச்சிக்குவேன். மிச்சம் நானா நெனச்சிக்கிறதுதான்."

ஒரு நாவல் இல்லை, இரண்டு இல்லை... ஒரு வருடம்! எங்கள் சண்டைகளையும் உளறல்களையும் கேட்டே ஒரு முழு நாவலை மனதில் கட்டி, எங்கள் கண்ணில் படாததை எங்களுக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த அம்மாளை ஏமாற்றுக்காரி என்றா நினைத்தேன்?

"இனிமே நான் வரல தம்பி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. படிக்க முடியாதவ அங்க வந்து என்ன பண்றது?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கை மேசை விரிப்பை விடவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு காரியம் செய்வேன் என்று நினைத்ததில்லை. பிளாஸ்டிக் உறையைப் பிரித்தேன்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்தேன். அதே நாவலை இணையத்தில் எங்கிருந்தோ இறக்கி வைத்திருந்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். பெரிதானது, ஆனால் பாதி வரி திரையைத் தாண்டி ஓடிவிட்டது. இழுத்தால் முன்பாதி ஓடியது. அக்கா இரண்டு நிமிடம் அதோடு போராடிவிட்டு, "விடுங்க தம்பி, இது நமக்கு ஆவாது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மகனுக்குப் போன் போட்டேன். "அப்பா, அது பக்கத்தைப் போட்டோ எடுத்து வெச்ச ஃபைல். பெருசாக்கினா படம்தான் பெருசாகும். சரியான மின்நூலை வாங்குங்க" என்றான். வாங்கினேன். அவன் சொல்லச் சொல்ல, இந்தப் பொத்தான் அந்தப் பொத்தான் என்று தட்டி, எழுத்தை அதன் உச்ச அளவுக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை வரி ஓடவில்லை. தானாக மடங்கி அடுத்த வரிக்கு வந்தது. திரை முழுக்க ஏழே ஏழு சொற்கள். எனக்கு அது சுவரொட்டி மாதிரி தெரிந்தது.

அக்கா அதைக் கையில் வாங்கி, முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ப... பதிப்புரிமை" என்றார்.

கதை இன்னும் தொடங்கவே இல்லை. அது முதல் பக்கத்தில் எல்லாரும் தாண்டிப் போகிற விவரம். அக்கா தாண்டவில்லை. பதிப்பகத்தின் பெயர், தெரு, கதவு எண், அஞ்சல் எண், அச்சிட்ட இடம்... ஒவ்வொன்றாக, வாய்விட்டு, பூசையில் வாசகம் படிக்கிற குரலில் வாசித்தார். ஏழு சொல் முடிந்ததும் விரலால் தட்டுவார். அடுத்த ஏழு சொல் வரும். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. ஒரு அச்சகத்தின் முகவரியை அப்படி ஒரு குரலில் இதுவரை யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். நான் எழுந்து வாசல் பக்கம் போய், தெருவில் போகும் லோரிகளைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன். என் கண்ணும் அப்போது சரியாகத் தெரியவில்லை.

காகிதத்தின் வாசனையைப் பற்றி மேடையில் எவ்வளவு பேசினேன்! அச்சடித்த எழுத்து இருந்த இடத்தைவிட்டு அசையாது. நாம்தான் அதனிடம் போக வேண்டும். இந்தப் பொருளில் எழுத்து எழுந்து அக்காவிடம் வந்தது. எப்படி வந்தது என்று மகன் விளக்கினான். எனக்குப் புரியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன், அவ்வளவுதான்.

கிளம்பும்போது, "இது உங்ககிட்டயே இருக்கட்டும். வட்டத்துக்கு வாங்க அக்கா" என்றேன்.

"பாப்போம்" என்றார். வருவேன் என்று சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூலை நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. கூட்டம் தொடங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா!

உட்காரவில்லை. கைப்பையிலிருந்து கருவியை எடுத்து மேசை நடுவில் வைத்தார். தன் கண்ணைப் பற்றி, ஒரு வருடமாகப் படிக்காமலே பேசியதைப் பற்றி, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். "உங்ககிட்டே பொய்யா இருந்துட்டேன். மன்னிச்சிருங்க. இப்ப படிச்சுட்டேன். போன மாச நாவல், முழுசும். ஏழு ஏழு வார்த்தையா."

மணியம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! அன்னிக்கே சொன்னேன், கருவிதான்! ஓட்டை மறுபடி எண்ணணும்லா!"

"ஓட்டு இருக்கட்டும் மணியம். ஒண்ணு கேக்கணும். அந்தத் தங்கச்சி தேத்தண்ணி குடுத்தான்னு யாரு சொன்னது?"

நான் கையைத் தூக்கினேன்.

"அவ குடுக்கவே இல்ல தம்பி. அடுப்பிலே தண்ணி வெக்கிறா. தேத்தண்ணியை எடுத்துக்கிட்டு வெளியே வாரா. நாற்காலி காலி. அவன் அதுக்குள்ள எழுந்து போயிட்டான். அப்புறம் யாரைக் கதவுவரைக்கும் வந்து வழியனுப்புறது மணியம்? மன்னிச்சாளா இல்லையான்னு அரை மணி நேரம் அடிச்சிக்கிட்டீங்க. அவ சொல்றவரைக்கும் அவன் இருக்கவே இல்லயே!"

போன மாதப் பிரதிகளை நான் இன்னும் நூலகங்களுக்கு அனுப்பவில்லை; அறை மூலையில் இருந்த கட்டைப் பிரித்து, பரபரவென்று என் பிரதியைத் தேடி எடுத்தேன். நூற்று நான்காம் பக்கம். ஒரே ஒரு வரி. அப்படியேதான் இருந்தது. மணியமும் கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவி, அதே பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார். மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருவர்கூட அந்த வரியைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"களைப்புன்னு நான் சொன்னதும் தப்புதான். ஆனா நான் படிக்காம சொன்னேன்" என்றார் அக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. "நீங்க ரெண்டு பேரும் படிச்சிட்டுலா சொன்னீங்க?"

நல்ல தாள், தெளிவான அச்சு, ஒரு பக்கம் குறையாத பிரதி. நானும் இத்தனை நாளாக அந்த நாவலைப் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.