கப்பு சாசர் செடி

நான்கு நாளைக்கு முன்னால் எங்கள் தெருவில் செடி வண்டிக்காரன் ஒருவன் வந்தான். ரோஜாவுக்கும் குரோட்டன்ஸுக்கும் நடுவில், செங்காவி நிறத்தில் வட்டத் தட்டும் அதன் மேல் குட்டிக் கோப்பையுமாகப் பூத்த செடி ஒன்று. நாங்கள் அதைக் கப்பு சாசர் செடி என்போம். "துளசி ஜாதிதான் பெரியவரே" என்றான். இலையைக் கசக்கி முகர்ந்தேன். துளசி வாசம் இல்லை. ரயில் கரிப்புகை வாசம்தான் வந்தது. அது என் மூக்கின் கோளாறு. கூடவே வயிற்றில் பழைய எரிச்சலும். இந்த வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்கள். நான் திண்டிவனம் ஸ்டேஷனில் போர்ட்டர். என் மனைவியின் அண்ணன் கோவிந்தன் விழுப்புரம் ஜங்ஷனில் போர்ட்டர். இரண்டு பேரும் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். அவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, எனக்கு ஆகவில்லை. என்றைக்கு நிறுத்துவார்களோ என்று தினமும் பயம். தை மாதத்தில் பெரிய ஆபீசர் ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கித் தோட்டம் பார்ப்பார். நல்ல தோட்டக்கை என்று அவர் சொல்லிவிட்டால் வேலை நிலைக்கும். விழுப்புரத்தில் கோவிந்தன் வைத்த கப்பு சாசர் செடியைத்தான் அவர் நின்று பார்த்தாராம்.

"எங்கண்ணன் செடிய தொரையே குனிஞ்சு பாத்தாராம். நீங்களும் வெச்சிக்கினு இருக்கீங்களே, அரளி" என்பாள் என் மனைவி, கேப்பைக் கூழை முன்னால் வைத்துக்கொண்டே. கூழ் எப்படி இறங்கும்?

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஆடியில், ஈரச் சாக்கில் சுற்றி, பாசஞ்சரின் கார்டு பெட்டியில் ஒரு டஜன் குச்சி அனுப்பினான் கோவிந்தன். கொண்டுவந்த கார்டு அவன் சொன்னதையும் சொன்னார்: "நட்டுட்டு மறந்துடணுமாம். தோண்டித் தோண்டிப் பாக்கக் கூடாதாம்."

மறக்கிற பிறவியா நான்? காலை பாசஞ்சர் போனதும் ஒரு குச்சியைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்ப்பேன், திரும்பச் செருகுவேன். சாயங்காலம் இன்னொன்று. பத்தாம் நாள் பன்னிரண்டும் கறுத்துப்போயின. என் கைமேல் சந்தேகமே வரவில்லை. விழுப்புரத்தில் எந்நேரமும் ஏதாவது ஒரு கரி என்ஜின் நிற்கும். டிரைவரிடம் கேட்டால் ஒரு வாளி வெந்நீர் பிடித்துக்கொள்ளலாம். அதில் முக்கித்தான் அனுப்பியிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்த வண்டியில் விழுப்புரம் போனேன். அவன் சாப்பிடப் போயிருந்தான். செடி என் தலைக்குமேல் வளர்ந்து நின்றது. புல்லறுக்கிற கத்தி அங்கேயே கிடந்தது. எடுத்தேன், முழங்கால் உயரத்துக்கு மொத்தமாக வெட்டிச் சாய்த்தேன். நிமிர்ந்தால், கோவிந்தன் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான்.

"என்ன மாப்ள, சாப்புட்டியா?"

கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"நானே கழிக்கணும்னுதான் இருந்தேன். மழைக்கு முன்ன வெட்டுனாத்தான் கொத்துக் கொத்தாப் பூக்கும்" என்று குச்சிகளைக் கட்டாகக் கட்டி என் தோளில் வைத்தான். "இந்த வாட்டி புடுங்கிப் பாத்தே, கைய ஒடிச்சிடுவேன்."

நிஜமாகவே கழிக்க நினைத்திருந்தானா, என் மானத்தைக் காப்பாற்றினானா, இன்றுவரை தெரியாது. அந்தக் குச்சிகளை என் மனைவிதான் ஸ்டேஷன் வேலியோரம் நட்டாள். "அந்தப் பக்கம் போனீங்கன்னா சோறு கெடையாது" என்றாள். பிழைத்தன. ஆனால் தைக்குள் வெறும் இலைதான்.

விழுப்புரத்தில் அந்தத் தையில் செடி நெருப்புப் பிடித்தமாதிரி பூத்தது. யார் இப்படிப் பதமாகக் கழித்தது என்று ஆபீசர் கேட்டாராம். "எங்க மாப்ளங்க, திண்டிவனத்துல டெம்பரவரிங்க" என்றானாம் கோவிந்தன். பங்குனியில் எனக்கு வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது. சந்தோஷப்பட வேண்டியவன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். வேலையும் அவன் போட்ட பிச்சையா? ரிட்டையராகும்வரை அந்த முள் குத்தியது.

கோவிந்தன் இல்லை. அவன் தங்கையும் இல்லை. பிளாட்பாரத்தை நீட்டியபோது இரண்டு ஊர்ச் செடியும் போய்விட்டன. வெந்நீர் பிடிக்க என்ஜினும் இல்லை.

வண்டிக்காரனிடம் செடியை வாங்கிவிட்டேன். தொட்டியில் வைத்து நான்கு நாள்தான் ஆகிறது. இன்று காலையில் தூக்கி வேரைப் பார்த்தேன். கையை ஒடிப்பேன் என்று சொல்ல ஆளில்லை.